கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் ஆள்

வாசலில் காயவைத்த புளி அடிக்கடி காணாமல் போனதால் வீட்டு முகப்பில் ஒரு கேமரா மாட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னுடையதுதான்.

மறுநாளே பக்கத்து நிலத்துச் சித்தப்பா வந்து நின்றார்.

"இன்னாபா, படிச்சிட்டா கண்ணுக்கு மேல கண்ணு வெப்பியா? அது எங்க கொல்லைய பாக்குது. பொம்பளைங்க நடமாட்ற எடம். அத்த மறைக்கலன்னா உங்களுக்கு வழி கெடையாது, சொல்ட்டேன்."

ரோட்டுக்குப் போக எங்களுக்கு இருப்பது அவருடைய சாமைக் கொல்லை வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதைதான். கேமராவைத் திருப்பினால் வாசல் தெரியாது. அதனால் படத்தில் அவர் கொல்லை தெரியும் பகுதியை மட்டும் செட்டிங்கில் கறுப்புக் கட்டம் போட்டு மூடி, அவரிடமே காட்டினேன். சமாதானமாகிப் போனார்.

அதன் பிறகு, பனி இறங்கும் காலைகளில் ஆள் நடமாட்டம் என்று கேமரா காட்டி என் போன் அடிக்கத் தொடங்கியது. வாசலில் யாரும் இல்லை. ஆள் தெரிந்தால் கேமரா அவரைச் சுற்றிப் போடும் பச்சைக்கோடு கறுப்புக் கட்டத்துக்குள் நின்றிருந்தது. லென்சைத் துடைத்தேன், சிலந்தி வலையை எடுத்தேன். நிற்கவில்லை. சித்தப்பாவுக்குத் தெரியாமல் கட்டத்தை எடுக்க மனம் வராமல், அவரைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே எடுத்தேன்.

பனியில் சாமைப் பயிர் மட்டும் தெரிந்தது. யாரும் இல்லாத இடத்தைச் சுற்றியபடி பச்சைக்கோடு பாதையோடு மெல்ல நகர்ந்து வந்தது. சித்தப்பா போனைப் பார்த்தார். தலையைத் தூக்கிக் கொல்லையைப் பார்த்தார்.

"மூடிடுப்பா," என்றார். "எங்க வூட்ல சொல்லிக்காத."

வழியை அவர் அடைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் தன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைச் சுற்றிக்கொண்டுதான் ரோட்டுக்குப் போகிறார். எங்களுக்கு அந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை.