வரைபடம் எந்த வருஷத்தில் தொடங்கும்?

புள்ளிவிவரம் வைத்து அரசியல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு, இருட்டிய பிறகு கேட்கும் எந்தச் சத்தமும் கட்சிக்காரர் வரும் சத்தம்தான். அன்று அடுப்படியில் கர்ர்… கர்ர்… என்று ஏதோ இழுபட்டது. லேப்டாப்பை மூடிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்: “உம் புள்ள தோசைக்கல்ல இழுத்துக்கினு வர்றான். கட்சிக்காரன் எவனும் இல்ல!”

மண் சரிந்த வருஷம்

கல்வராயன் மலைக்கு எந்த ஆட்சியில் பஸ் ஜாஸ்தி ஓடியது? இணைய இதழ் ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா கச்சிராயபாளையத்தில் கிளைச் செயலாளர். அவர் கட்சி ஜெயிக்க வேண்டுமென்று நான் நினைக்கவேயில்லை, சத்தியமாக! மற்றக் கட்சி ஆண்டபோது மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டதே, அந்த வருஷத்தில் பஸ் எண்ணிக்கை வரைபடத்தைத் தொடங்கினேன், அவ்வளவுதான். அங்கிருந்து கோடு ஏறாமல் என்ன செய்யும்? நீங்களும் இதைத்தானே செய்திருப்பீர்கள்? இதழின் ஆசிரியர் போனில் உருகினார்: “கட்சி வாடையே இல்லம்மா. வெறும் நம்பர்தான் பேசுது!”

அ, ஆ

கணவர் மட்டும், “ஏன் அங்க ஆரம்பிச்ச?” என்றார்.

அவரே வழி சொன்னார். வருஷங்களையும் கட்சிப் பெயர்களையும் மறைத்து, ஆட்சிகளுக்கு அ, ஆ என்று மட்டும் பெயர் வைத்துக் கொடுத்தார். பாதை அடைபட்ட மாதங்களை நீக்கிவிட்டார். ‘அ’வில்தான் பஸ் ஜாஸ்தி என்று முடிவெழுதிய பிறகு பெயரைத் திறந்தோம். ‘அ’ மற்றக் கட்சி. முடிவை அழிக்கப் போனேன். அவர் சொன்னார்: “மாத்தணும்னா மாத்து. ஆனா இன்னான்னு சொல்லி மாத்துவ?”

ஒரு வரி

புதுக் கணக்கை அனுப்பினேன். பழைய வரைபடத்தையே போடாவிட்டால் இதுதான் உன் கடைசிக் கட்டுரை என்றார் ஆசிரியர். “போடுங்க சார். ஏன் அந்த வருஷத்துல ஆரம்பிச்சோம்னு கீழ ஒரு வரி மட்டும் நீங்களே எழுதிடுங்க” என்றேன். எழுதிப் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு: “அந்த வரிய எழுத முடியாதேம்மா… சரி, உன்னோடதே வரட்டும்.”

வெள்ளை வேட்டிகள்

கட்டுரை வந்த சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு வாசலில் அப்பாவும் கட்சிக்காரர் இருவரும். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டேன். “இன்னாண்ணா, உங்க பொண்ணே இப்டி எழுதிக்கீது?” என்றார் ஒருவர்.

“எந்த வருஷத்துல வேணா ஆரம்பிச்சுப் பாருங்கப்பா” என்று லேப்டாப்பை நீட்டினேன். அப்பா ஒவ்வொரு வருஷமாக மாற்றிப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்: “மண் சரிஞ்ச வருஷத்த வுட்டா, எங்க ஆரம்பிச்சாலும் நாமதான்டா கம்மி. வாங்க, மலைக்கு பஸ் கேட்டு மனு குடுப்போம்.”

தைரியம் கட்டுரையில் இருந்தால் போதும் என்று, அவர்கள் தெருமுனை தாண்டியதும் கதவை உள்பக்கம் தாழிட்டேன்.