சலசலவா, கடகடவா?

டைமிங் செயின் மாற்றுவது கைவேலை என்று வண்டிக்காரர்கள் நினைக்கிறார்கள். அது காதில் தொடங்கும் வேலை என்பது, ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் நம்மைப் போன்ற பாவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினுக்குள்ளே, வெளியே தெரியாமல், ஒரு மெல்லிய செயின் ஓடுகிறது. கீழே சுற்றுவதை மேலே கொண்டுபோய், வால்வுகளை வேளைக்குத் திறந்து வேளைக்கு மூட வைப்பது அதுதான். நாளாக ஆக நீளும். நீண்டால் ஆடும். ஆடினால் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டி, வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

காரிமங்கலத்தில் ஓர் அரசமரத்தடியில் என் கடை. ஸ்பானர் டிராயரில் ஓர் அகராதியும் கிடக்கும். டைமிங் செயினைத் தமிழாக்கி, ‘காலச் சங்கிலி மாற்றித் தரப்படும்’ என்று ஒருமுறை போர்டு எழுதி வைத்தேன். இரண்டு பேர் ஜாதகத்தோடு வந்தார்கள். போர்டைக் கழற்றிவிட்டேன்.

ஒரு சொல் குறைந்ததால்

மாதையன் தக்காளி விவசாயி. அவர் வண்டி சாலையில் திரும்பும்போதே, டைமிங் செயின் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கடகட. கழற்றிப் பார்த்தேன். பழைய செயினைப் பக்கவாட்டில் பிடித்தால் வில்லாக வளைந்து தொங்கியது. எதிர்க்கடை சலீம் பாயிடம் புதிய செயின் வாங்க ஆளனுப்பிவிட்டு, “வூட்டுல சொல்லிடுங்க, நேரமாகும்” என்றேன்.

அவர் போனில் சொன்னது இது: “செயினு நீண்டு போச்சாம். இனி எதுக்கும் ஒதவாதாம். கழட்டிப் போட்டுட்டாங்க.” அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். அன்று காலை அவர் மனைவி தன் கழுத்துச் செயினைக் கொக்கி மாற்றக் கொடுத்தனுப்பியிருந்தார் என்பதும், அது அவர் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த பஸ்ஸில் அந்தம்மா வந்து இறங்கினார். கூடவே அவர் தம்பி, சட்டைக் கையை மடித்துவிட்டபடி. கருப்பெண்ணெய் சொட்ட நான் தூக்கிக் காட்டிய செயினை அந்தம்மா பார்த்தார், சட்டைப்பையிலிருந்து கணவர் எடுத்து நீட்டிய செயினைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வண்டிச் செயினுன்னு ஒரு வார்த்த சேத்துச் சொன்னா வாயி வலிக்குதா? ஊரே கூடி ஆறுதல் சொல்லி என்னை பஸ் ஏத்திவுட்டுச்சு!”

இலக்கணத் திருத்தம்

விஜயா கிராமத்து நர்ஸ். மலையடிவாரத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருபவர். பல ஊர்களுக்குப் பஸ் கிடையாது. அந்த ஸ்கூட்டர் நின்றால் அங்கே யாருக்கோ ரத்த அழுத்தம் பார்க்க ஆள் இல்லை என்று அர்த்தம். “அண்ணா, காலையில ஸ்டார்ட் பண்ணினா சலசலன்னு ஒரு சத்தம் வருதுங்க” என்றார்.

நான் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டேன். இன்ஜின் பூனைபோல் முனகிக்கொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. இல்லை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் அகராதி வைத்திருப்பவனுக்கு வாய் சும்மா இருக்காது. “நர்சம்மா, சலசல, கடகட, இதுக்கெல்லாம் இரட்டைக்கிளவின்னு பேரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. சலசல இலைக்கும் ஓடைக்கும் உரியது. இன்ஜினுக்கு வராது” என்றேன். அந்தம்மா என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “உங்க இலக்கணத்தை நம்பித்தான் எடுத்துட்டுப் போறேனுங்க” என்றார்.

ஓடை

நான்காம் நாள் அந்த ஸ்கூட்டர் குட்டியானை மினிலாரியில் ஏறிக் கடைக்கு வந்தது. பின்னாலேயே விஜயா. சேலை முழங்கால் வரை சேறு. ஓர் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி ஒரு முக்கு முக்கி நின்றுவிட்டதாம். அங்கே நிறைமாதக்காரி ஒருத்தி, தலைவலி என்று காலையிலிருந்து படுத்திருக்கிறாள். நர்சம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போய்ப் பார்த்தால் அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரி வரை கூடவே போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கழற்றினேன். செயின் ஒரு பல் தாண்டியிருந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் செத்துக் கிடந்தது. கையிலிருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். இதுபோன்ற நேரத்தில் துடைத்த கையையே மறுபடியும் துடைப்போமே, அது உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். திட்டியிருந்தால் தேவலை. அந்தம்மா பெஞ்சில் உட்கார்ந்து, காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டியபடி மெதுவாகச் சொன்னார்: “சலசல ஓடைக்குத்தான்னு சொன்னீங்களேண்ணா, அந்த ஓடையத்தான் நடந்து தாண்டினேனுங்க.”

முதுகுக்குப் பின்னால்

டைமிங் வைப்பது பொறுமையான வேலை. கீழே மேக்னெட் சக்கரத்தில் ஒரு கோடு, மேலே பல்சக்கரத்தில் ஒரு புள்ளி. இரண்டும் அதனதன் இடத்தில் நிற்கும்போது செயினை மாட்ட வேண்டும். ஒரு பல் தள்ளிப் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அன்று மூன்று முறை மாட்டிக் கழற்றினேன். கை சரியாகத்தான் இருந்தது, மனசுதான் ஒரு பல் தாண்டியிருந்தது. இவ்வளவு நீண்ட செயின் சத்தம் போடாமலா இருந்திருக்கும்? போட்டிருக்கும். எனக்குத்தான் கேட்கவில்லை.

சலீம் பாய் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். கேலியாக என்னை வாத்தியார் என்பார். புதிய டென்ஷனரை எடுத்துக்கொண்டு வந்தவர் எனக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஸ்பானர் எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். “என்ன பாய், வந்தா சொல்றதில்லையா?” என்றேன். அவர் முகத்தில் கேலி இல்லை. ஒரு கையில் பழைய செயின், இன்னொரு கையில் நான் கழற்றி வைத்திருந்த புதிய செயின். “ரெண்டு செயினையும், என் சாவிக்கொத்தையும் உன் காதுகிட்ட மாத்தி மாத்தி ஆட்டிட்டேன் வாத்தியாரே, நீ எதுக்குமே திரும்பல” என்றார்.

நோட்டுப் புத்தகம்

அதற்குப் பிறகு சில வாரங்கள் நான் செய்ததை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே சொல்லவில்லை. மெக்கானிக்குக்குக் காது போய்விட்டது என்பது, சமையல்காரருக்கு நாக்கு போய்விட்டது என்பது மாதிரி. இரண்டாம் பந்திக்கு ஆள் வராது. அதனால் ஒரு நோட்டு போட்டேன். யார் வந்தாலும் முதலில் கேட்பது, “சத்தம் எப்படிங்க? சலசலவா, கடகடவா?” சொன்னதை அப்படியே எழுதிக்கொள்வேன். கரகர, நொறநொற, கிணுகிணு. ‘டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்கின மாதிரி’ என்றார் ஒருவர். எந்தச் சொல்லுக்கு எந்தக் கோளாறு என்று கழற்றிப் பார்த்து எதிரே குறித்துவைத்தேன். ஆச்சரியம், சனங்களின் காது அநேகமாகத் தப்பவில்லை. சலசல என்று அவர்கள் சொன்ன இன்ஜினில் எல்லாம் செயின் அப்போதுதான் நீளத் தொடங்கியிருந்தது. கடகட என்றால் முற்றிவிட்டது. இத்தனை நாளும் நான் திருத்திக்கொண்டிருந்தது சரியான விடைகளை.

மாதையன்தான் பிடித்துவிட்டார். வேறு வேலையாக வந்தவரிடமும் பழக்கதோஷத்தில் நோட்டை விரித்து, “சத்தத்தைக் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க” என்றேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, “சீக்கு இன்னதுன்னு நானே சொல்லிப்புட்டா, அப்புறம் வைத்தியரு நீங்க எதுக்குங்க?” என்றார்.

மெஷின்

விஜயாவிடம் மறைக்க முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுநாளே தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஓர் இளம் டாக்டர் காதில் ஏதேதோ மாட்டிப் பார்த்துவிட்டு, கனத்த சத்தம் கேட்கிறது, மெல்லிய சத்தம் போய்விட்டது என்றார். கிரைண்டர், கம்ப்ரஸர் பக்கத்தில் எத்தனை வருஷம் என்று கேட்டார். இருபத்தாறு என்றேன். அதாவது, கடகட எனக்குக் கேட்கும், சலசல கேட்காது. என் வியாதிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்த டாக்டரும் தர முடியாது.

காது மெஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்த முதல் நாள், விஜயா ஆயில் மாற்ற ஸ்கூட்டரோடு வந்தார். மரத்தடியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். கேட்டது. தெளிவாக, மெல்லிசாக, சலசலவென்று. நான் மாட்டிய செயின், மாதம் மூன்றுகூட ஆகவில்லை. “நர்சம்மா, வண்டியை எடுக்காதீங்க. செயின் மறுபடியும் போயிடுச்சு. இன்னிக்கே பிரிச்சிடறேன், நீங்க அந்த மலையூருக்கெல்லாம் இதுல போக வேணாம்” என்று கையில் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

அந்தம்மா பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து மாட்டி, வயிற்றுப் பிள்ளையைக் கேட்பதுபோலக் குனிந்து இன்ஜினைக் கேட்டார். பிறகு இன்ஜினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. சலசல, சலசல. அணைந்த வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்காமல், விரலை மேலே காட்டினார். “செயின் நல்லா இருக்குதுங்கண்ணா. நீங்க கேக்கறது தலைக்கு மேல இருக்கற அரசமரத்தை.”

சலசல இலைக்கும் ஓடைக்கும் உரியது என்று நான் சொன்ன இலக்கணம் கடைசியில் சரியாகத்தான் போயிற்று; அதை நிரூபிக்க ஒரு நர்சம்மா ஓடையைத் தாண்டவும், நான் ஒரு மெஷின் மாட்டவும் வேண்டியிருந்தது என்பதுதான் குறை.