அவளுடைய செட்டிங்ஸ் ஃபைல்

அவளுடைய மவுஸ் எப்போதும் மேசை டிராயருக்குள்தான் கிடக்கும். பக்கத்து இருக்கையில் இருந்த எனக்கு முதலில் எரிச்சல் மூட்டியது அதுதான். நாங்கள் எல்லாரும் ஒரு ஃபைலைத் தேடி மவுஸை உருட்டிக்கொண்டிருப்போம். அவள் கீபோர்டில் இரண்டு தட்டு தட்டுவாள், ஃபைல் வந்து நிற்கும். திரையில் எழுத்துகள் வேறு பெரிது பெரிதாக, பத்தடி தள்ளி நிற்பவனும் படிக்கிற மாதிரி இருக்கும். சரியான பகட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

பெங்களூரு வைட்ஃபீல்டில் இருந்த அந்த அலுவலகத்தில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நான் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் நின்றுகொண்டே வருவேன். அவள் மல்லேஸ்வரம், பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். மெட்ரோவில் வந்து இறங்கும்போது தலைமுடிகூடக் கலைந்திருக்காது. அதுவும் எனக்குப் பிடிக்காது.

நாங்கள் கோட் எழுதும் எடிட்டருக்கு மாதாமாதம் அப்டேட் வரும். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு நான் வேலையைப் பார்ப்பேன். அவளோ காபியோடு உட்கார்ந்து, புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று கடைசி வரி வரை படிப்பாள். பிடித்ததை, எடிட்டர் தனக்கு எப்படி இயங்க வேண்டும் என்று குறித்துவைக்கும் தன் செட்டிங்ஸ் ஃபைலில் சேர்த்துக்கொள்வாள்.

"இதென்ன ஜாதகமா, இவ்வளவு உன்னிப்பாப் படிக்கிறீங்க?" என்று ஒருமுறை கிண்டலடித்தேன்.

சிரித்தாள். "வேணும்னா என் செட்டிங்ஸ எடுத்துக்கோங்க. டீம் ஃபோல்டர்லயே போட்டு வெச்சிருக்கேன்."

"பரவால்லீங்க, எனக்கு என்னோடதே போதும்" என்றேன். பொய். வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் டீமை நடத்த ஒரு லீட் போடப்போவதாகப் பேச்சு வந்தது. எங்கள் இருவரில் ஒருவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது வேண்டும், வெறியாக வேண்டும். அவளுடைய வேகம் இருந்தால் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

அவள் மீட்டிங்குக்குப் போன ஒரு மதியம் அந்த ஃபைலை நைசாக இறக்கினேன். எடுத்துக்கொள்ளச் சொன்னதைத்தான் எடுத்தேன். ஆனாலும் இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். என்ன இருக்கிறது என்று படிக்காமல் முழுவதையும் அப்படியே ஒட்டினேன். யாரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று நிறத்தையும் எழுத்தின் அளவையும் மட்டும் பழையபடி மாற்றிவைத்தேன்.

மறுநாள் ஒரு பழைய ஃபைலில் இரண்டே வரி திருத்தி, சேமித்து, இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூவுக்கு அனுப்பினேன். அந்த வாரம் ரிவ்யூ பார்ப்பவள் அவள். சற்று நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு வரி மாத்தினதா எழுதியிருக்கீங்க. ஃபைல் முழுக்க மாறியிருக்கே?"

திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை, மாறிய வரிகளைக் காட்டும் சிவப்பும் பச்சையும். சேமிக்கும்போதெல்லாம் எல்லா வரிகளையும் தானே மடித்து அடுக்கும் வசதி ஒன்று அவள் செட்டிங்ஸில் இருந்திருக்கிறது. அது அந்த ஃபைலையே கலைத்துப் போட்டுவிட்டது. என் இரண்டு வரி எங்கே என்று எனக்கே தெரியவில்லை. மேனேஜர் கண்ணில் பட்டால் லீட் ஆகும் கனவை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஏதோ அப்டேட்ல மாறிடுச்சு போல" என்றேன்.

"வரி தொண்ணூத்தி மூணு எழுத்துல மடங்குது. அப்படி வெக்கிற பைத்தியம் இந்த ஆபீஸ்ல நான் ஒருத்திதான்" என்றாள், பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில். "எனக்கு இடது கண்ணு சரியாத் தெரியாதுங்க. எழுத்தப் பெருசாக்கினா ஸ்க்ரீன்ல அவ்வளவுதான் புடிக்கும். மவுஸ் அம்புக்குறியத் தேடுறது பெரும்பாடு, அதான் எல்லாத்தையும் கீபோர்டுக்கு மாத்திக்கிட்டேன். பழைய ஃபைலத் தொடும்போது மட்டும் அந்த வசதிய நிறுத்திடுவேன். நீங்களும் நிறுத்திட்டு இன்னொரு தடவ அனுப்புங்க. என் செட்டிங்ஸ எடுத்தத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

வெட்கமாக இருந்தது. அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. காட்டிக்கொடுக்காமல் விட்டாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கன்னடத்தில் கேட்டார். கெட்டிக்காரி என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கண் சரியாகத் தெரியாது சார், லீட் என்றால் நாள் முழுக்கத் திரையைப் பார்க்க வேண்டியிருக்கும், சிரமப்படுவாள் என்று சேர்த்தேன். அக்கறையோடு சொல்வது போலத்தான் சொன்னேன்.

"ஹௌதா? பாப..." அப்படியா, பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

லீட் நான்தான். அறிவிப்பு வந்ததும் எல்லாரும் கைகொடுத்தார்கள். அவளும் வந்து கைகொடுத்தாள்.

"மேனேஜர் என் கண்ணப் பத்தி ரொம்ப அக்கறையா விசாரிச்சார்" என்றாள். குரலில் கோபமே இல்லை. "இந்த ஆபீஸ்ல அத உங்க ஒருத்தர்கிட்டதான் சொல்லியிருந்தேன்."

அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.