யார் எடுத்தது அந்தக் காலி வரியை

வீட்டில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். வைத்தவர் கணவர். பால் பாக்கெட்டை முகர்ந்து, தேதியைப் பார்த்து, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்தால்தான் அவளுக்குத் திருப்தி. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கிப் பாதி தூரம் போனவள் திரும்பி ஏறி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். "ஒருநாள் பூட்டு கையோட வந்துடப் போகுது" என்பார் அவர்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததா பிழைப்பில் வந்ததா என்று சொல்வது கஷ்டம். கல்யாணத்துக்கு முன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினாள். அச்சகத்தை மூடியதும் கணினிப் பக்கம் ஒதுங்கினாள். இப்போது நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. அங்கே லைப்ரரி என்று சொல்லப்படும் ஒரு நிரல் தொகுப்பைத் தயாரிக்கிறார்கள். தரவுத்தள அட்டவணைகளில் கிடக்கும் பதிவுகளை, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலுக்குள் இருக்கும் பொருட்களைப் போலவே எடுத்துப் புழங்க அது உதவும். அதற்கான கையேட்டுப் பக்கங்களின் உள்கட்டு அவள் பொறுப்பு. எது தலைப்பு, எது பட்டியல், எது எடுத்துக்காட்டு என்று கணினிக்குச் சொல்லும் குறிகள் உள்ளே இருக்கும். ஓர் இடைவெளி பிசகினால் போதும், பத்தி போய்ப் பட்டியலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். லட்சணமாகத் தெரியும் பக்கத்துக்குள் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறது என்று தேடவே சம்பளம் வாங்குகிறவள், பால் பாக்கெட்டை மட்டும் எப்படி நம்புவாள்?

தகராறு 'உறவுகள்' என்ற பக்கத்தில் ஆரம்பித்தது. தாய்ப் பதிவை நீக்கினால் பிள்ளைப் பதிவுகளும் கூடவே அழிந்துவிடும் என்று அங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. சிவப்புப் பெட்டிக்குள் பளிச்சென்று வரவேண்டியது. பெட்டி வர, அதற்கு மேலே ஒரு காலி வரி வேண்டும். அது இல்லாததால் எச்சரிக்கை முந்தைய பத்தியின் வாலில் ஒட்டிக்கொண்டு புள்ளியும் குறியுமாகக் கிடந்தது. அவள் காலி வரியைப் போட்டாள். பெட்டி வந்தது. இரண்டு நாளில் பெட்டியைக் காணோம். மறுபடி போட்டாள். மறுபடி காணோம்.

யார் கை வைத்தார்கள் என்பது மாற்ற வரலாற்றில் இருக்கும். பக்கத்து மேஜைக்காரன். எந்நேரமும் ஹெட்போனோடு இருக்கும் அவனுக்கு அவள் மனதுக்குள் வைத்த பெயர் காதுமூடி. குறிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் 'சரிசெய்தேன்' என்று ஒற்றைச் சொல். அவளும் தன் குறிப்பில் 'திருத்தம்' என்றுதான் எழுதியிருந்தாள். அது அப்போது கண்ணில் படவில்லை. எதைச் சரி செய்தானாம்? என் சோற்றில் மண் போடுவதையா?

மேலாளர் மேடம் கூப்பிட்டனுப்பினார்.

"உறவுகள் பக்கத்தைப் பத்தி திரும்பவும் புகார். யாரோ எச்சரிக்கையைக் கவனிக்காம ஒரு தாய்ப் பதிவை நீக்கப்போய், பிள்ளைப் பதிவுகளையும் கூண்டோட அழிச்சுட்டாராம். வெள்ளிக்கிழமை புதுப் பதிப்பு வருது. அப்பவும் இப்படியே இருந்தா உங்க ஒப்பந்தத்தை நான் எப்படிப் புதுப்பிக்கிறது?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் காதுமூடியை வேலைக்குக் கொண்டுவந்ததே மேடம்தான். இருவரும் பேசிவைத்துக்கொண்டு செய்தால்? வாயை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. அவள் அந்தப் பக்கம் போனால் அவன் திரையில் இருந்ததைச் சட்டென்று சுருக்கினான். அவனுடைய ஒப்பந்தமும் இதே மாதம் முடிகிறது. ஒருநாள் இரண்டு மேஜைகளுக்கும் நடுவிலிருந்த தடுப்புக்கு மேலே பிஸ்கட் வேறு நீட்டினான். வாங்கிக்கொண்டாள், தின்னவில்லை.

வியாழக்கிழமை காலை. வீட்டு வாசலில் செருப்பு வைக்கும் ஸ்டாண்டு மறுபடி நடுவழிக்கு வந்திருந்தது. தினமும் அவள் சுவரோடு தள்ளிவைப்பாள். தினமும் அது நகர்ந்து வந்து நிற்கும். மாடிவீட்டுப் பையன்கள் மேல் அவளுக்கு வெகுநாளாக ஒரு கண்.

"என்னங்க, இதை யாரோ வேணும்னே இழுத்து வைக்கிறாங்க."

"யாரோ இல்ல, நான்தான்" என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "மோட்டார் சுவிட்ச் அதுக்குப் பின்னாலதானே இருக்கு? நீ சுவரோட ஒட்டித் தள்ளிட்டா கை எப்படிப் போகும்? அப்புறம் தண்ணி எப்படி ஏறும்?"

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"நீ எங்க கேட்ட? நேரா விசாரணையில்ல நடத்துற!"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை. அந்தக் காலி வரிக்குப் பின்னால் எந்த சுவிட்ச் இருக்கிறது?

அலுவலகம் போனதும், தன் பக்கத்தை வேறு எந்தப் பக்கமாவது பயன்படுத்துகிறதா என்று தேடினாள். ஒன்று அகப்பட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கான முதல் பாடம், எழுதியவன் காதுமூடி. எடுத்துக்காட்டைத் தனியாக எழுதாமல், அவள் பக்கத்தில் இத்தனையாவது வரியிலிருந்து இத்தனையாவது வரிவரை எடுத்துக்கொள் என்று கணினிக்குச் சொல்லியிருந்தான். மேலே ஒரு வரி கூடினால் எல்லாம் ஒரு வரி கீழே நழுவும்.

"தம்பி, அதைக் கொஞ்சம் கழட்டுங்க."

கழற்றினான்.

"உங்க முதல் பாடத்துல இருக்கிற எடுத்துக்காட்டு என் பக்கத்துலேர்ந்தா வருது?"

அவன் முகம் இறுகியது. "ஆமாக்கா. நீங்க அந்த வரியைச் சேர்க்கிறப்பல்லாம் என்னோடதுல கடைசி வரி காணாமப் போகுது. சேமிக்கச் சொல்ற வரி. அப்படியே பாத்து எழுதறவங்க, ஒண்ணுமே சேமிக்கலையேன்னு என்னைத் திட்டித் தீர்க்கிறாங்க. நீங்க தெரிஞ்சேதான் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"நானா?"

"மேடம்கிட்ட காட்டலாம்னு எல்லாத்தையும் படம் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"அதான் நான் வந்தா திரையை மறைச்சீங்களா?"

"நீங்க எட்டி எட்டிப் பாத்தீங்க, மறைக்காம?"

"என்கிட்டயே நேரா கேட்டிருக்கலாமே?"

"பேச்சை ஆரம்பிக்கலாம்னுதான் பிஸ்கட் குடுத்தேன். நீங்க அதைக் காகிதத்துல மடிச்சு டிராயர்ல வெச்சுட்டீங்க. கொலைக்கேஸ் ஆதாரம் மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் படங்களை அவன் ஒன்றுவிடாமல் அழிக்கும்வரை பின்னாலேயே நின்றாள்.

வேலை அதிகமில்லை. எடுத்துக்காட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் படிப்பவர் கண்ணில் படாத இரண்டு அடையாளங்களை அவள் வைத்தாள். வரி எண்களை எடுத்துவிட்டு, அந்த அடையாளங்களுக்கு நடுவில் இருப்பதைக் கொண்டுவா என்று அவன் மாற்றினான். இனி மேலே எத்தனை வரி கூடினாலும் ஒன்றும் நழுவாது. காலி வரி அதன் இடத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பதிப்பு வந்தது. சிவப்புப் பெட்டி நின்றது. பாடத்தின் கடைசி வரியும் இருந்தது. இருவரும் சேர்ந்து அறைக்குள் வந்ததைப் பார்த்து மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜோடியா வந்து நிக்கிறீங்க... வேற என்ன உடைஞ்சிருக்கு?"

நடந்ததைச் சொன்னார்கள். கேட்டுவிட்டு மேடம் இருவருடைய ஒப்பந்தங்களையும் எடுத்து மேஜையில் வைத்தார். அவன் உடனே கையெழுத்துப் போட்டான். அவள் தன்னுடையதை முதலிலிருந்து கடைசிவரை படித்து, மறுபடி முதலிலிருந்து படித்து, அப்புறம் போட்டாள்.

திங்கட்கிழமை காலை, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே உறவுகள் பக்கத்தைத் திறந்தாள். வரலாற்றில் புதிதாக ஒரு மாற்றம் இருந்தது. அவன் பெயர். கீழே குறிப்பு: 'மேலே அறிமுகத்தில் ஒரு வரி சேர்த்தது நான்தான். உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது. வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா.'

பார்த்துக்கொண்டாள். பெட்டி இருந்தது. அவன் பாடத்தையும் திறந்து கடைசி வரிவரை போய்ப் பார்த்தாள். பிறகு டிராயரிலிருந்து அந்தப் பிஸ்கட்டை எடுத்து முகர்ந்தாள். நமுத்துப்போயிருந்தது. குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் தடுப்பைத் தட்டினாள்.

"தம்பி, பிரிக்காத பாக்கெட் ஏதாவது இருக்கா?"