சக்கரத்துக்குள் போன ஓட்டைக் காலணா

இன்று காலை தேனாம்பேட்டையில் என் சைக்கிளின் பின்சக்கரம் ஆட்டம் கண்டுவிட்டது.

சைக்கிள் கடை காதர் பாய் நட்டைக் கழற்றிப் பார்த்தார். "வாஷர் பூட்ச்சு சார். இந்தச் சண்டைக் காலத்துல புச்சு எங்க கெடைக்குது? ஓட்டைக் காலணா கீதா? அத்த மாட்டிடலாம்."

இருந்தது. நேற்றுச் சில்லறையில் வந்த புத்தம் புதுக் காசு. என் சேகரிப்புக்காகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன்.

கொடுக்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. "பாய், இது ஊரெல்லாம் இருக்கிற காசு. சேகரிக்கிறவன் காலணாவுக்கு மேல தரமாட்டான். இதோ பாருங்க, பையில இன்னொண்ணு வச்சிருக்கேன், விக்டோரியா ராணி காசு, கொஞ்சங்கூடத் தேயல. இதுக்கு ரெண்டு ரூபா தருவான்."

பாய் ராணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஓட்டை இல்லியே சார்" என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

மயிலாப்பூர் வரும்வரை சக்கரம் அசையவில்லை.

ஓட்டைக் காலணா என்ன விலை போகும் என்று நம் வாசகசாலையில் வாரம் ஒருவராவது கேட்கிறீர்கள். உறுதியாகச் சொல்கிறேன்: காலணாதான். என்னுடையது மட்டும் விற்பனைக்கில்லை.

வேறு விலை சொல்பவர்கள் வாசகசாலைப் பலகையில் நான் ஒட்டியிருக்கும் இந்தத் தாளின் கீழேயே எழுதலாம். காசையும் கையோடு கொண்டு வாருங்கள், முன்சக்கரமும் லேசாக ஆடுகிறது.