அதுக்கு முந்தி எந்த ஊரு?

ரப்பர் பால் காய்ந்த சட்டைக்கு ஒரு புளிச்ச வாசனை உண்டு. எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. குருவிட்ட பக்கம் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், பால் வெட்டி முடித்து வந்த பெண்கள் அந்த வாசனையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது...

யாரும் பேசவில்லை.

இலங்கையில் போர் நிறுத்தக் காலம் அது. நாட்டுக்குள் சமாதானத்துக்கு முன்னால் ஆய்வாளர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மிஸ் மார்லின். அமெரிக்கக் கறுப்பினப் பெண், சமூகவியல் புரொபசர். பருத்தித் தோட்டத்து அடிமைக் காலம் முதல் இன்றைய நகரம் வரை தன் மக்களின் வாழ்க்கையை எழுதியே தலை நரைத்தவர். புதுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் வேறொரு நாட்டுத் தோட்டம் தேவைப்பட்டது. கேம்பஸ் லீவில் வீட்டில் கிடந்த நான் மொழிபெயர்ப்பாளர்.

காலையில் தோட்டத்து மேனேஜரான எங்கள் தொரை, பங்களா வாசலில் அவருக்குக் கைகொடுத்தார். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்து, "புரொபசர் இன்னும் இறங்கலையா?" என்று இங்கிலீஷில் விசாரித்தார். மிஸ் மார்லின் கோபப்படவில்லை. பழகிப்போனவர் போலிருந்தார்.

லயத்தில் சிக்கல் வேறு. எங்கள் ஆட்களிடம் புதிதாக வருகிறவர் முதலில் ஊர் சொல்ல வேண்டும். குருவிட்ட, பெல்மதுளை எல்லாம் சும்மா இருக்கிற இடம். ஊர் என்றால் தாத்தாவுக்குத் தாத்தா இந்தியாவில் விட்டுவிட்டு வந்த ஊர். அதைச் சொல்லாதவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

"மிஸ்ஸுக்கு எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்தார் செல்லம்மா அக்கா.

"அமெரிக்கா."

"அது இருக்கிற எடம் தம்பி. அதுக்கு முந்தி?"

"ஆப்பிரிக்கா."

"அம்மாம் பெரிய எடத்துல எந்த ஊருன்னு கேளுங்க."

எனக்கு அதைக் கேட்க மனமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தேன். கடைசியில் கேட்டேன். மிஸ் மார்லின் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு சொன்னதை நான் இப்படித் தமிழாக்கினேன்: "தெரியாதாம். வித்தவங்களும் சொல்லல, வாங்கினவங்களும் கேக்கல."

அத்தியாயம் போச்சு, இப்போது எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன்...

"அட கடவுளே! நம்மள கூட்டியாந்த கங்காணி கூட ஊரு பேர விட்டு வச்சானே" என்றார் செல்லம்மா அக்கா. "பரவால்ல. முசிறின்னு சொல்லிக்க சொல்லுங்க. எங்க ஊருதான்."

பக்கத்து வீட்டு மூக்காயி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "முசிறிக்காரி எவ இவ்வளவு ஒசரம்? பாத்தாலே தெரியலையா, தொறையூரு!"

"தொறையூருக்காரி இவ்வளவு நேரம் வாய மூடிக்கிட்டு இருப்பாளா?"

இரண்டு தரப்பையும் மொழிபெயர்த்தேன். மிஸ் மார்லின் சத்தமாகச் சிரித்தார். அதன்பிறகு பொழுது சாயும்வரை பேசினார்கள், டேப்தான் போதவில்லை.

இப்போது நான் கொழும்பில் ஒரு ஆபீஸில். புதிதாக வருகிறவர்கள் "எந்த ஊர்?" என்பார்கள். குருவிட்ட என்பேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள்.

"இல்ல... அதுக்கு முந்தி?"

மணப்பாறை என்பேன். நான் பார்த்தே இராத ஊர். "அதானே பார்த்தேன்" என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

இவன் எங்க ஊருதான் என்று சண்டை பிடிக்க அங்கே யாரும் இல்லை.