நன்றாக இருக்கிற சுவர்

பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர் அவர். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொடுத்தால் போதும், அதே நிறத்தை அச்சு அசலாகக் கலந்து தருவார். கடையில் எல்லோருக்கும் அவர் ‘கலர்’. வீட்டில் மனைவிக்கு அவர் தீராத தலைவலி.

பித்தநாளத்தில் கல் அடைத்தபோது, வாய்வழியே எண்டோஸ்கோபி செய்து, பித்தம் இறங்க ஸ்டென்ட் என்கிற சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். மிச்சக் கல்லை அப்புறம் எடுக்கலாம், மூன்று மாதத்தில் கட்டாயம் வாருங்கள், விட்டால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கலர் தலையாட்டினார்.

தலையாட்டியதோடு சரி. வலி போயிற்று, சோறு இறங்கிற்று, ஐயாவுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மனைவி நினைவுபடுத்தினால் தொழில் வேதாந்தத்தை அவிழ்த்துவிடுவார்: நன்றாக இருக்கிற சுவரை யாராவது சுரண்டுவார்களா? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். மூன்று மாதம் ஐந்தாயிற்று.

பிறகு உடம்பெல்லாம் சொறிய ஆரம்பித்தார். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லையாம். சிறுநீர் கடுங்காபி நிறத்தில் போயிற்று. சூடாம். கண் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால், கூடத்துச் சுவரின் மஞ்சள் எதிரடிக்கிறதாம். அந்த வெளிர்மஞ்சள் அவரே கலந்து பூசியது. அதில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் திணித்து, நிறங்களைக் கட்டம் கட்டமாக அச்சிட்ட அவருடைய ஷேட் கார்டையே அவர் கன்னத்தருகே விரித்துப் பிடித்தாள்.

“நிறம் பாக்கறதுதானே உங்க வேலை? பாருங்க. உங்க கண்ணு இதுல எந்தக் கட்டம்?”

கலர் பார்த்தார். பழக்கதோஷம், விரல் தானாகப் போய் ஒரு கட்டத்தில் நின்றது. வெள்ளை வரிசையில் இல்லை. கூடத்துச் சுவரையும் தாண்டி, அடர்மஞ்சளில். போய்ச் செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குளிர் தூக்கிப்போட்டது. ஸ்டென்ட் முழுக்க அடைத்து, பித்தநாளத்தில் சீழ் கட்டி, கிருமி ரத்தத்திலும் ஏறிவிட்டது, உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். வெளியே நாற்காலியில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் பிழைத்து வரட்டும், அப்புறம் நானே கொன்றுபோடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பிழைத்து வந்தார். அடைத்ததை எடுத்துவிட்டு வேறொன்று வைத்திருந்தார்கள். கிருமி அடங்கட்டும், கல்லை அடுத்த முறை எடுக்கலாம் என்றார்கள். மறுபடியும் ஸ்டென்ட், மறுபடியும் அதே மூன்று மாதக் கெடு. வீட்டுக்கு வந்து கூடத்தில் படுத்தவர், நாலு நாள் போனதும் ஆரம்பித்தார்.

“இப்ப ஒரு வலியும் இல்ல, தெரியுமா? நல்லாத்தான் இருக்கு.”

அவள் கொல்லையிலிருந்து கறுப்பு பெயிண்டும் தூரிகையும் எடுத்துவந்து, அவர் கண்ணுக்கு நேரே, அந்த வெளிர்மஞ்சள் சுவரில், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதியைச் சாண் உயரத்துக்கு எழுதினாள்.

கலர் பதறி எழுந்து உட்கார்ந்தார். “சுவர் போச்சே.”

“சுவர் போனா பூசிக்கலாம். நீங்க போனா நான் எதைக் கலந்து பூசறது?”

அவர் கடையில் நிறம் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி அந்தத் தேதியைப் பார்த்தார்.

“தேதிக்கு ஒரு பூச்சு பத்தாது,” என்றார். “காஞ்சதும் இன்னொண்ணு கொடு.”